மூச்சை உள்ளிழுத்துக் கேட்ட கேள்வி

அந்த மனிதர் பேசும்போது உதடு ஒட்டுவதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மணி சார்தான்.

மணி சாருக்கு இதயக் கோளாறு. கால் இரண்டும் நீர் வைத்து வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு திணறும். அதனால் நாள் முழுவதும் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். உட்கார்ந்தே இருப்பவருக்கு எதிர்க் கட்டிலைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?

"ஏண்டா, கேட்டியோ? இவன் கார்த்தாலேருந்து மூக்காலேயே பேசிண்டிருக்கான். ஆனா ப இல்லே, ம இல்லே, வ இல்லே. உதடு ஒட்டற எழுத்து ஒண்ணுகூட இல்லே, பாரு."

"பல் இல்லாததால இருக்கும் சார்."

"பல்லுக்கும் உதட்டுக்கும் என்னடா சம்பந்தம்? நீ எட்டாங்கிளாஸோட நிறுத்தினது நன்னாத்தான் தெரியறது."

கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நான் எதிர்க் கட்டிலைப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தவருக்கு அறுபது வயதுக்குள் இருக்கும். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கை மட்டும் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒரு அடி அடித்தார். டக். பிறகு மூக்கு வழியாக ஒரு மெல்லிய ஓசை மேலே ஏறியது. அது வெளியே வரும் ஓசை அல்ல. மூச்சை உள்ளே இழுத்தபடி எழுப்பிய ஓசை. நீச்சல் தெரியாதவன் தண்ணீரிலிருந்து தலையை வெளியே நீட்டும்போது வருமே, அப்படி.

ஓசை நின்றதும் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை.

கூலிக்குக் கூட இருப்பவன்

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்ததைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். தோள்பட்டை நழுவியபின் அந்த வேலை போயிற்று. அதன் பிறகு எனக்குக் கிடைத்த வேலைக்குத் திருவனந்தபுரத்தில் பைஸ்டாண்டர் என்று பெயர்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்தால் கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டோடு ஓட, ரத்தக் குப்பியை லேபில் கொடுக்க, மூத்திரப் பை நிறைந்தால் சொல்ல. வீட்டு ஆள் இல்லாதவர்கள் கூலிக்கு ஆள் வைப்பார்கள். ராத்திரி அவர் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். மத்தியானம் யாராவது தர்மத்துக்குப் பொதிச்சோறு கொண்டுவருவார்கள். வாடகை, சாப்பாடு இரண்டும் மிச்சம். வீடில்லாதவனுக்கு இதைவிட நல்ல வேலை ஊரில் கிடையாது.

மணி சார் கோட்டைக்குள் அக்ரஹாரத்து மனிதர். கணக்கு ஆபீஸில் ஓய்வு பெற்றவர். மகன் பம்பாயில். மகன்தான் என்னை ஏற்பாடு செய்தது.

எதிர்க் கட்டில்காரருக்கு அப்படி யாரும் இல்லை. வித்துரா சந்தையில் சுருண்டு விழுந்தவரை ஒரு ஜீப்காரர் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். கேஸ் ஷீட்டில் பெயர் எழுதும் இடம் காலி.

லீலாம்மா சிஸ்டர் ஊசி போட வரும்போதெல்லாம், இந்தக் கிழவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்பார்.

"அண்ணாச்சீ, ஈ அப்பூப்பன் எந்தா பறயுன்னது? தமிழாணோ?"

"தமிழ் இல்ல சிஸ்டர்."

"ஹிந்தியோ?"

"ஹிந்தியும் இல்ல."

"பின்னே கிளி பாஷையாணோ?"

வார்டு சிரிக்கும். ஆனால் போகிறபோது சிஸ்டர் அவருடைய போர்வையை இழுத்து மூடிவிட்டுத்தான் போவார்.

இளம் டாக்டர் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். மூளையில் பேச்சு இருக்கும் இடத்தில் ரத்தம் கட்டிவிட்டது. தெரிந்த பாஷையெல்லாம் போயிருக்கும். சிலருக்குப் பாட்டு மட்டும் தங்கும், ஏனென்றால் பாட்டு இருக்கும் இடம் வேறு. இவருக்கு அப்படி ஏதாவது ராகம் மிச்சமிருக்கலாம். "அதிகம் எதிர்பார்க்காதீங்க" என்றார்.

மணி சார் டாக்டர் போகும்வரை காத்திருந்தார்.

"ராகம்னா போற போக்கிலே கொஞ்சம் மாறும். இது மாறலே. தண்ணி வேணும்னா ஒண்ணு, திரும்பிப் படுக்கணும்னா ஒண்ணு. இது பாஷையாக்கும். நீ அவனையும் பாத்துக்கோ. நேக்கு ஊட்டற கை அவனுக்கும் ஊட்டட்டும்."

ஒளிப்பதற்கான பாஷைகள்

செய்துவைத்த பாஷைகள் எனக்குப் புதிதல்ல.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் க-பாஷை பேசுவோம். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' சேர்த்துக்கொண்டால் போதும். வாத்தியாரைத் திட்டுவதற்கென்றே உண்டானது அது. எங்கள் கணக்கு வாத்தியார் ஒருநாள் அதே பாஷையில் திருப்பித் திட்டினார். அவரும் சின்ன வயதில் யாரையோ திட்டியிருக்கிறார் அல்லவா.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கைகோத்து விரலால் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. நாகர்கோவிலில் நான் இலை எடுத்த ஓட்டலில், பழைய சாம்பாருக்கு ஒரு சொல், முதலாளியின் மச்சான் வருகிறான் என்பதற்கு ஒரு சொல் வைத்திருந்தோம்.

எல்லாமே ஒளிப்பதற்கானவை. பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகப் பிறந்தவை.

ஆனால் எதிர்க் கட்டில்காரர் எதையும் ஒளிக்கவில்லை. எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. கற்றுக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். குழந்தை வளர்க்கிறவளுக்கு அழுகையின் வகை தெரிவதுபோலத்தான்.

எது சொன்னாலும் முதலில் அந்த நாக்கடி. டக். கூப்பிடுவது அது. பிறகு வருகிற ஓசை ஒன்று உச்சத்தில் இருக்கும், இல்லாவிட்டால் அடித்தொண்டையில் இருக்கும். நாமெல்லாம் பேசுகிற நடுக்குரல் அதில் இல்லவே இல்லை. நடுவில் எதுவோ உட்கார்ந்திருப்பதுபோலவும், அதற்கு மேலேயும் கீழேயும் புகுந்து போவதுபோலவும் அவர் பேசினார்.

தமிழில் செய்கிற காரியம் கடைசியில் வரும். அவருக்கு அதுதான் முதலில். திருப்பு என்பது முன்னால், எந்தப் பக்கம் என்பது பின்னால். ஊற்று முன்னால், தண்ணீர் பின்னால்.

அவருக்கு 'நான்' இல்லை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டும்போது ஒரு ஓசை, என்னைக் காட்டும்போது ஒரு ஓசை. முதலில் அதை நான், நீ என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் கட்டிலின் இடது ஓரத்துக்கும் முதல் ஓசைதான், வலது ஓரத்துக்கும் மற்ற ஓசைதான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவ்வளவுதான். 'அவன்' என்று மூன்றாவது ஆளைச் சொல்ல அதில் ஒன்றும் கிடையாது.

நேற்று, நாளை என்பவையும் இல்லை. ஓடுகிறது, நின்றது, இரண்டே இரண்டு. மின்விசிறி சுற்றினால் ஓடுகிறது. கரண்ட் போனால் நின்றது. ஓரக் கட்டிலில் ஒருவர் இறந்து, துணி போர்த்தித் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது, எதிர்க் கட்டில்காரர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். மின்விசிறிக்குச் சொன்ன அதே ஓசையைச் சொன்னார். நின்றது.

மூச்சை உள்ளே இழுத்துச் சொன்னால் அது கேள்வி. இதைக் கண்டுபிடித்ததும் மணி சார்தான். "கேள்விக்குன்னு தனியா ஒரு சொல் வெச்சுக்கலே பாரு. மூச்சையே திருப்பிட்டான். எவ்வளவு சிக்கனம்!" மூச்சுக்குத் திண்டாடுகிற மனிதர். அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கேள்விகளில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. முதல் நாள் நான் கேட்டது அதுதான். தண்ணீர் இல்லை, வலி இல்லை, மூத்திரம் இல்லை. எதைக் கொடுத்தாலும் அடங்காத கேள்வி.

"பாவம்டா, கேட்டுண்டே இருக்கான். நாமளாவது எதாவது சொல்லுவோம்" என்றார் மணி சார்.

பதில் தெரியாததால் மணி சார் அந்தக் கேள்வியையே திருப்பிச் சொன்னார். டக், பிறகு மேலேறும் ஓசை. சங்கீதம் கேட்டு வளர்ந்த காது, பிசகில்லாமல் வந்தது. எதிர்க் கட்டில்காரரின் முகம் சட்டென்று விழித்தது. உடனே மறுபடி கேட்டார், இன்னும் உரக்க. மணி சார் மறுபடி சொன்னார். நானும் சொன்னேன். சோறு கொண்டுவரும் பெண்கள்கூடப் பழகிக்கொண்டார்கள். அவர் கட்டிலைக் கடக்கும்போது ஆளுக்கு ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒவ்வொரு தடவையும் அவர் கழுத்து நரம்பு புடைக்கத் திரும்பக் கேட்பார். அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தோம்.

விரல் இடுக்கில் கறை

ஒருநாள் அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விரல் ரேகைகளில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. சோப்புக்கும் ஸ்பிரிட்டுக்கும் அது அசையவில்லை.

அந்தக் கறை எனக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன் ஆனைமலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பெட்டி சுமந்திருக்கிறேன். சலித்துப் பிரிக்கும் அறையில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கறுப்பு தோலுக்குள் இறங்கும். அங்கே தூசி பறக்கும் என்று வாயையும் மூக்கையும் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது.

துணியை அலசாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா?" என்றார் மணி சார்.

"சார், இது ஃபாக்டரியில செஞ்ச பாஷை. வாயைக் கட்டிக்கிட்டுப் பேசுறதுக்கு. அதான் உதடு ஒட்டல."

மணி சார் எதிர்க் கட்டிலை எட்டிப் பார்த்தார். பிறகு, "பாஷைன்னா பேசறதுக்கு ரெண்டு பேர் வேணும். இன்னொருத்தன் எங்கே?" என்றார்.

வித்துராவில் விழுந்தவர். வித்துராவுக்கு மேலே தேயிலை என்றால் போனக்காடு. மறுநாள் காலை லீலாம்மா சிஸ்டரிடம் மணி சாரை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

போனக்காட்டு பஸ்

வித்துராவில் ஒரு சாயாக் கடையில் விசாரித்தேன்.

"போனக்காடோ? அங்க இப்ப ஆரு இருக்கா அண்ணாச்சி! ஃபாக்டரி பூட்டியாச்சு. கொறச்சு தமிழ் ஆளுக லயத்தில கெடக்கு. போகான் வேற இடம் இல்லாத ஆளுக" என்றார் கடைக்காரர். ஒரு வாழைப்பழத்தில் பாதி எனக்கு, பாதி தனக்கு என்று பிய்த்துத் தின்றபடி சொன்னார்.

பஸ்ஸில் நான், கண்டக்டர், டிரைவர், இரண்டு அரிசி மூட்டை. மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. தேயிலைச் செடிகள் வெட்டாமல் மரமாக வளர்ந்து நின்றன. ஃபாக்டரியின் ஜன்னல் கண்ணாடிகள் ஒன்றுகூட முழுதாக இல்லை. கூலியாட்கள் குடியிருந்த லயங்கள் மலைச்சரிவில் வரிசையாக இருந்தன. பாதி வீடுகளுக்குப் பூட்டு, மீதிக்குக் கதவே இல்லை.

எனக்கு அவர் பெயர் தெரியாது. யாரென்று கேட்பது? முற்றத்தில் நின்று நாக்கை அடித்தேன். மூச்சை உள்ளே இழுத்து அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

கடைசி வீட்டிலிருந்து பதில் வந்தது.

உச்சியில் தொடங்கி, படியிறங்குவதுபோல் அடித்தொண்டைக்கு வந்து, ஒரு நாக்கடியில் முடிந்தது. அவ்வளவுதான் அந்தப் பதில். பின்னாலேயே ஒரு பெண் ஓடிவந்தாள். நரைத்த தலை, அடுப்புச் சாம்பல் ஒட்டிய கை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோயிற்று.

"நீ யாரு? இந்தச் சத்தம் ஒனக்கு எப்பிடி?"

சொன்னேன். அவள் அழவில்லை. "உசுரு ஓடுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓடுதுக்கா."

அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். கதவைச் சாத்தினாள். அதே பஸ்ஸில் மலை இறங்கினோம்.

மெஷினுக்கு இரண்டு பக்கம்

அவள் பெயர் ராசம்மா. அவர் பால்ராஜ், அவளுடைய தம்பி. போகும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"சல்லடை மெஷினுக்கு ரெண்டு பக்கம் உண்டு தம்பி. இந்தப் பக்கம் ஒராளு, அந்தப் பக்கம் ஒராளு. நடுவுல மெஷின் மறைக்கும், ஆளு தெரியாது. சல்லடையில அடைச்சிருந்த தேயிலத் தண்ட எடுக்க நான் கைய விட்டேன். அந்தப் பக்கம் நின்னவன் கேக்காம பெல்ட்ட மாட்டிட்டான்."

அதன் பிறகு அவளுக்கு எதிர்ப்பக்கம் தம்பியை நிறுத்தினார்கள். அவன்தான் இந்தப் பேச்சை ஆரம்பித்தானாம். மெஷின் இரைச்சலுக்கு மேலே ஒரு சத்தம், கீழே ஒரு சத்தம். காரியம் முதலில், ஏனென்றால் மீதி கேட்காமல் போனாலும் கை தப்பிவிடும்.

"சட்டம் ஒண்ணுதான். 'இந்தப் பக்கம் நிறுத்தட்டுமா'ன்னு கேப்பான். நான் பதில் சொன்னா நிறுத்தலாம். ஒண்ணும் சொல்லலைன்னா வேண்டாம், ஓடட்டும்னு அர்த்தம். பதில் வராம ஒருத்தரும் பக்கத்த விட்டு நகரக் கூடாது."

"வேண்டாம்னு சொல்ல ஒரு சத்தம் இல்லியா?"

"சும்மா இருந்தா போதுமே."

ஃபாக்டரி பூட்டிய பிறகும் அவர்கள் அதை விடவில்லை. விளக்கை அணைக்க, தூங்கப் போக, வித்துராவுக்கு அரிசி வாங்கப் புறப்பட, எல்லாவற்றுக்கும் அந்தக் கேள்விதான். லயத்தில் மற்றவர்கள் கேலி செய்வார்களாம், அக்காளும் தம்பியும் வண்டு மாதிரிப் பேசுதுன்னு.

"அன்னைக்கும் வாசல்ல நின்னு கேட்டான். அடுப்பு புகையுது, முந்தின நாள் சண்ட வேற. நான் வாயத் தொறக்கல. பதில் வராமலே சிரிச்சுக்கிட்டுப் போயிட்டான். நாலு நாள் பொறுத்து நெடுமங்காடு ஆஸ்பத்திரி வரைக்கும் போயித் தேடினேன். அங்க இல்ல. வீடு பூட்டிக் கெடந்தா அவன் வந்து என்ன செய்வான்னு திரும்பிட்டேன்."

நான் பேச்சை மாற்ற நினைத்தேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"அங்க அவரத் தனியா விடலக்கா. அவர் கேக்குறப்பல்லாம் நாங்களும் அதையே சொல்லுவோம். வார்டே சொல்லும்."

அவள் திரும்பினாள். "அதையேவா?"

"ஆமா."

"அதையே திருப்பிச் சொன்னா, கேக்கல, இன்னொருக்கச் சொல்லுன்னு அர்த்தம் தம்பி."

பஸ் நெடுமங்காடு தாண்டியது. ஒரு வளைவில் அவள் தலை கம்பியில் இடித்தது. அதைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை.

பதில்

வார்டுக்குள் நுழைந்ததும் அவர் பார்த்துவிட்டார். விழாத பாதி முகம் மட்டும் சிரித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினார். டக். மூச்சை இழுத்துக் கேட்டார்.

ராசம்மா பதில் சொல்லவில்லை. கட்டிலின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏல பால்ராசு, இங்க வந்து சொகமா ஃபேனுக்கு அடியில கெடக்கியோ? எந்திரில. கோழி நாலும் ஒன்னத் தேடுது."

அன்றிலிருந்து அவள் தமிழிலேயே பேசினாள். அவர் கேட்கக் கேட்க, கோழி, மழை, ரேஷன் கடை, யார் வீட்டுக் கூரை பறந்தது என்று பேசினாள். அவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் நிறுத்தியதும் மறுபடி கேட்பார். இப்போது கத்தவில்லை. பதில் சொல்லவேண்டிய ஆள் வந்துவிட்டதால் அவசரம் போய்விட்டது.

நாங்களெல்லாம் வாயை மூடிக்கொண்டோம். சோறு கொண்டுவரும் பெண்களிடம் நான்தான் சொன்னேன். அவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். தூசி தின்ற நுரையீரல், அதில் இப்போது சளி கட்டிவிட்டது, மருந்து பிடிக்கவில்லை என்றார். முதுகில் புண் எலும்புவரை போயிருந்தது. அதை நான்தான் கட்டுப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. குழாய் விட்டுச் சளியை உறிஞ்சும்போது அவர் உடம்பு வில்லாக வளையும். அப்போதும் ராசம்மா கோழியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாள், குரல் மட்டும் உரக்கும்.

மணி சாரால் பொறுக்கமுடியவில்லை.

"ஏம்மா, அவன் கேட்டுண்டே இருக்கானே. ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னா நிறுத்திருவான் சாமி."

"நிறுத்தட்டுமே."

"நீங்க சொல்லுவீங்க. ஒங்களுக்கு அந்தப் பக்கம் பம்பாயில ஆளு இருக்கு."

மணி சார் தலையணையில் சாய்ந்துகொண்டார். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் என்னை அருகில் கூப்பிட்டார்.

"அந்தப் பதில் நோக்குத் தெரியுமோ?"

"தெரியும் சார். மேல லயத்தில கேட்டேன்."

"எப்படி இருக்கும்?"

வாயைத் திறக்கப் போனேன். எதிர்க் கட்டிலில் அவர் கண் திறந்திருந்தது. மணி சார் என் கையைப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம். சொல்லிடாதே. அது நம்ம மெஷின் இல்லே."



அதன் பிறகு எதிர்க் கட்டில்காரரின் கேள்வி சிறுத்துக்கொண்டே வந்தது. உள்ளே இழுக்க மூச்சு போதவில்லை. முதலில் நாக்கடி போயிற்று. பிறகு ஓசை பாதியில் அறுந்தது. கடைசியில் நெஞ்சு எழும்புவதைப் பார்த்துத்தான் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டுக் காத்திருப்பதை மட்டும் அவர் விடவில்லை. கம்பியைப் பிடித்த இடது கை விரல்கள் வெளுத்திருக்கும்.

ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரம். வார்டு முழுக்க ஜனம், பாத்திரச் சத்தம், தலைக்குமேலே பழைய மின்விசிறியின் இரைச்சல். ராசம்மா கோழிக் கதையைப் பாதியில் நிறுத்தினாள். எழுந்தாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம், அவர் கம்பியைப் பிடித்திருந்த பக்கத்துக்கு எதிரே நின்றாள். சேலைத் தலைப்பை எடுத்து மூக்கோடு வாயைச் சேர்த்துக் கட்டி, பிடரியில் முடிச்சுப் போட்டாள். இரண்டு விரல் இல்லாத கையால் அதை மெஷினில் நிற்கப்போகிறவளைப்போல வேகமாகச் செய்தாள்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நெஞ்சு எழும்பியது.

ராசம்மா பதில் சொன்னாள். உச்சியில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி, ஒரு நாக்கடி. அந்தக் கூச்சலில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மணி சாருக்கும் கேட்டிருக்கும், கண்ணை மூடிக்கொண்டார்.

பால்ராஜ் அண்ணாச்சி கம்பியை விட்டார்.

பார்வையாளர்களை வெளியே அனுப்ப மணி அடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. லீலாம்மா சிஸ்டர் வந்து பார்த்தார். கேஸ் ஷீட்டை எடுத்து ராசம்மாவிடம் பெயர் கேட்டு, காலியாக இருந்த இடத்தில் எழுதினார்.

முற்றத்தில்

முதலில் கொண்டுவந்து சேர்த்த அதே ஜீப்காரரை வித்துராவில் தேடிப் பிடித்தோம். அவர்தான் உடலை மேலே கொண்டுபோனார். நானும் போனேன். ஃபாக்டரிக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே புதைத்தோம். வேர்கள் அடர்ந்த மண், குழி வெட்ட நேரமாயிற்று. லயத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள். வண்டு என்று கேலி செய்தவர்கள்தான் மண் தள்ளினார்கள்.

மணி சார் அதன் பிறகு ரொம்ப நாள் வார்டில் இல்லை. மகன் வந்து அழைத்துப் போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நாக்கை ஒரு தடவை அடித்துக் காட்டினார், அவ்வளவுதான். எனக்கு வேறொரு நோயாளி கிடைத்தார். பிறகு அந்த ஊரையும் விட்டேன்.

அதெல்லாம் பிறகு. புதைத்த அன்று என்னைப் பஸ் ஏற்றிவிட ராசம்மா அக்கா நிறுத்தம்வரை வந்தாள். அரிசி மூட்டை இறக்கிய பஸ் திரும்பி நின்றது. கண்டக்டர் விசில் ஊதத் தயாராக இருந்தார். எனக்கு அவளிடம் என்ன சொல்லிவிட்டுப் போவதென்று தெரியவில்லை. தமிழில் அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

படியில் நின்றபடி நாக்கை அடித்தேன். மூச்சை உள்ளே இழுத்து, புறப்படட்டுமா என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தலைப்பை எடுத்து வாய்க்கு அருகே கொண்டுபோனாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டு அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

பஸ் கிளம்பியது. வளைவு மறைக்கும்வரை அங்கேயே நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.